பாலை நிறுத்தியாச்சு, சரி, திரும்பக் கொடுத்துப் பார்த்தீர்களா?

பிள்ளை பெற்றவள் பால் குடிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னால் நம் வீடுகளில் அதை யாரும் லேசில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பூண்டுப் பால், மிளகும் மஞ்சளும் தட்டிப்போட்ட ராத்திரிப் பால், பத்தியச் சோற்றுக்கு மேல் ஒரு கரண்டி நெய், பிரசவ லேகியத்திலும் நெய் என்று பெற்றவளுக்குக் காட்டும் அக்கறை எல்லாமே மாட்டிலிருந்துதான் வருகிறது. பால் குடித்தால்தான் பால் ஊறும் என்பதில் என் அம்மாவுக்கும் அத்தைக்கும் கருத்து வேறுபாடே கிடையாது. அதனால் என் மகளுக்கு மாட்டுப்பால் புரதம் சேரவில்லை, நான் சாப்பிடுவதிலிருந்துதான் அது அவளுக்குப் போகிறது என்று வந்து சொன்னபோது வீட்டில் எழுந்த முதல் கேள்வி, "தாய்ப்பால் எப்படிம்மா புள்ளைக்கு ஆகாமப் போகும்?"

நியாயமான கேள்விதான். தாய்ப்பால் ஆகாமல் போகவில்லை. அம்மா குடிக்கும் பாலிலிருந்தும் தயிரிலிருந்தும் மிகமிகச் சிறிய அளவு மாட்டுப்பால் புரதம் தாய்ப்பாலில் வந்து சேர்கிறது, சில குழந்தைகளின் குடலுக்கு அந்தச் சொற்பமே போதுமானதாக இருக்கிறது. இது புரியாமல் எத்தனையோ பேர் தாய்ப்பாலையே நிறுத்திவிட்டு டின் பாலுக்குப் போய்விடுகிறார்கள்.

எங்களுக்கு மகள் இரண்டு மாதத்தை நெருங்கும்போது ஆரம்பித்தது. கடுகு மஞ்சளில் இருந்த மோஷனில் சளி மாதிரி வழவழப்பாக ஏதோ வந்தது, டயப்பரை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தால் அந்தச் சளிக்குள் சிவப்பாக நூல் நூலாக ரத்தம். குழந்தை என்னவோ நன்றாகத்தான் இருந்தாள். குடித்தாள், தூங்கினாள், எடையும் ஏறிக்கொண்டுதான் இருந்தது. பார்த்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். சீதபேதி, ஓமத்தண்ணீர் கொடு என்றார் ஒருவர். உடம்புச் சூடு என்றார் இன்னொருவர். தொக்கம் எடுக்கும் பாட்டியிடம் கூட்டிப்போகச் சொன்னார்கள். தயவுசெய்து கைக்குழந்தையை இதற்கெல்லாம் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். மோஷனில் ரத்தம் என்றால் ஆசனவாயில் சின்ன வெடிப்பாக இருக்கலாம், கிருமித் தொற்றாக இருக்கலாம், குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும் அவசரநிலையாகவும் இருக்கலாம். விட்டு விட்டு வீறிட்டு அழுது, வெளுத்துத் துவண்டு, பச்சையாக வாந்தி எடுத்து, ஜெல்லி மாதிரி சிவப்பாக மோஷன் போனால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது, நேராக ஆஸ்பத்திரிதான்.

நாங்கள் முதலில் காட்டிய இடத்தில் "லாக்டோஸ் சேரல" என்று சொல்லி, தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லி, லாக்டோஸ் இல்லாத பவுடர் ஒன்றை எழுதிக்கொடுத்தார்கள். எனக்கு இன்னும் கோபம் வரும் இடம் இது. லாக்டோஸ் என்பது பாலில் இருக்கும் சர்க்கரை. நாம் பேசுவது புரதத்தைப் பற்றி. தாய்ப்பாலில் மாட்டுப்பாலைவிட லாக்டோஸ் அதிகம், 100 மில்லியில் ஏறக்குறைய 7 கிராம். அதைச் செரிக்கிற நொதி இல்லாமலே பிறக்கும் குழந்தைகள் உலக அளவிலேயே மிகமிக அரிது. கடுமையான வயிற்றுப்போக்குக்குப் பிறகு கொஞ்ச நாள் லாக்டோஸ் சேராமல் போகலாம், அது தானாகச் சரியாகும். லாக்டோஸை மட்டும் எடுத்துவிட்டுச் செய்த பால் பவுடரில் மாட்டுப்பால் புரதம் அப்படியே இருக்கும். அதாவது சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டிருந்ததை நிறுத்துவதாகச் சொல்லிப் புட்டி புட்டியாகக் கொடுக்கச் சொல்கிறார்கள். நாங்கள் அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு குழந்தைகளின் குடல் நோய்களை மட்டும் பார்க்கும் ஒரு டாக்டரிடம் போனோம்.

அவர் ஒரு தாளை எடுத்து விளக்கியதை என்னால் முடிந்தவரை சொல்கிறேன். பசும்பால் புரதத்தில் 100க்கு 80 பங்கு கேசீன், அதாவது பால் திரியும்போது கட்டியாகச் சேர்வது, மீதி பிரிந்து நிற்கும் தண்ணீரில் இருக்கும் வே புரதங்கள். அந்த வேயில் பீட்டா லாக்டோகுளோபுலின் என்று ஒன்று இருக்கிறது, அது மனிதப் பாலில் இயல்பாக உருவாவதே இல்லை. குழந்தையின் நோய் எதிர்ப்பு அமைப்பு இவற்றில் ஒன்றையோ பலவற்றையோ எதிரி என்று எடுத்துக்கொண்டால் அலர்ஜி. இதில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று அவர் அழுத்திச் சொன்னார். ஒன்று உடனே வருவது. பால் உள்ளே போன சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, உதடும் கண்ணும் வீங்குவது, வாந்தி, மோசமானால் மூச்சுத்திணறல். ஐ.ஜி.ஈ. என்ற எதிர்ப்பொருளால் வருவது இது, ரத்தப் பரிசோதனையிலும் தோல் பரிசோதனையிலும் பெரும்பாலும் தெரியும். இன்னொன்று மெதுவாக, மணிக்கணக்கில் அல்லது நாட்கணக்கில் குடலில் காட்டுவது. சளியும் ரத்தமும் கலந்த மோஷன், நிற்காத வயிற்றுப்போக்கு, எடை ஏறாமல் போவது எல்லாம் இந்தப் பக்கம். இதற்கு ரத்தப் பரிசோதனை உதவாது. ஐ.ஜி.ஈ. நார்மல் என்று ரிப்போர்ட் வந்ததைப் பிடித்துக்கொண்டு அலர்ஜியே இல்லை என்று இருந்துவிடக் கூடாது.

என் சித்தி மகளின் பையனுக்கு முதல் வகை. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் குடித்தவனுக்கு முதன்முதலாக செரியல் டின் ஒன்றைத் திறந்து இரண்டு ஸ்பூன் ஊட்டினாள், வாயைத் துடைத்துவிட்டு நிமிர்வதற்குள் துடைத்த இடமெல்லாம் கம்பளிப்பூச்சி ஊர்ந்த மாதிரி தடித்துவிட்டது, அப்புறம் ஒரு காது வீக்கம், வாந்தி. கடையில் விற்கும் குழந்தை செரியல்கள் பெரும்பாலானவற்றில் பால் பவுடர் இருக்கிறது என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. நல்லவேளை, உடனே தூக்கிக்கொண்டு ஓடினாள். இந்த வகைக் குழந்தைகளுக்கு நான் கீழே சொல்லப்போகும் எதையும் வீட்டில் முயற்சி செய்யக் கூடாது. பால் போன ஒரு மணியிலிருந்து நாலு மணி நேரத்துக்குள் ஓயாமல் வாந்தி எடுத்துத் துவண்டுபோகும் குழந்தைகளுக்கும் அப்படியே. அவர்களுக்கு எல்லாமே ஆஸ்பத்திரியில், டாக்டர் பக்கத்தில் இருக்கும்போதுதான்.

என் மகளுக்கு இரண்டாவது வகை என்று சந்தேகம். சந்தேகம்தான் என்பதை டாக்டர் ஒருமுறைக்கு இருமுறை சொன்னார். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், நீங்கள் பாலையும் பாலில் செய்த எதையும் இரண்டிலிருந்து நாலு வாரத்துக்கு முழுசாக விடுங்கள், அப்புறம் திரும்பச் சாப்பிடுங்கள், அப்போது என்ன ஆகிறது என்று பார்த்துத்தான் நான் பெயர் வைப்பேன் என்றார்.

பாலை விடுவது என்றால் டம்ளர் பாலையும் காபியையும் விடுவது என்று நினைத்தேன். வீட்டில் உட்கார்ந்து யோசித்தால் ஒவ்வொன்றாக வருகிறது. தயிர், மோர், மோர்க்குழம்பு, பன்னீர், வெண்ணெய், பால்கோவா, ரஸத்துக்கு நெய்யில் தாளிப்பது, தோசைக்கல்லில் ஊற்றும் நெய், மோர் மிளகாய். நெய்யில் புரதம் கொஞ்சம்தான், ஆனாலும் இருக்கிறது, இந்தச் சில வாரங்களுக்கு அதுவும் வேண்டாம் என்றுதான் எனக்குச் சொல்லப்பட்டது. வெளியில் போனால் இன்னும் கஷ்டம். ஹோட்டலில் பரோட்டா மாவில் பால் விட்டுப் பிசைகிறார்களா என்று சப்ளையரிடம் கேட்டால் அவர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். கோயிலில் கொடுக்கும் சர்க்கரைப் பொங்கலையும் பஞ்சாமிர்தத்தையும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிட வேண்டியதுதான்.

பாக்கெட் சாமான் இந்த விஷயத்தில் பரவாயில்லை. பால் இருந்தால் அதை அலர்ஜி வரியில் தெரியச் சொல்ல வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 லேபிள் விதிமுறைகளில் இருக்கிறது. பொருள் பட்டியலுக்குக் கீழே 'கன்டெயின்ஸ்' என்று ஆரம்பிக்கும் வரியைப் பாருங்கள். பட்டியலில் மில்க் சாலிட்ஸ், வே பவுடர், கேசினேட் என்று எது இருந்தாலும் பால்தான். லாக்டிக் ஆசிட், கோகோ பட்டர் என்று இருந்தால் பயப்பட வேண்டாம், அவை பால் புரதம் இல்லை. சாதாரண மாரி பிஸ்கட், பிரெட், மசாலா தூவிய சிப்ஸ் எல்லாவற்றையும் திருப்பிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும், போன மாதம் சரியாக இருந்த பிராண்டை இந்த மாதம் மறுபடி பார்க்க வேண்டும். லேபிளே இல்லாத பேக்கரிச் சாமானும் இனிப்புக்கடைச் சாமானும் இந்தக் காலத்துக்கு வேண்டவே வேண்டாம்.

அத்தை முதல் வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. "பச்ச உடம்புக்காரி, பாலும் இல்லாம நெய்யும் இல்லாம எப்படித் தேறுவா" என்று சமையலறையில் அம்மாவிடம் சொல்வது எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னார். அந்தக் கவலையில் உண்மை இருக்கிறது. பால் கொடுக்கும் அம்மாவுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 1000 மில்லிகிராம் கால்சியமாவது வேண்டும், அதை டாக்டர் மாத்திரையாகவே எழுதிக்கொடுத்தார், கூடவே விட்டமின் டி. மாத்திரைச் சீட்டை அத்தையிடம் காட்டி, கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது என்று சொன்னதும் அவருக்கு ஒரு பிடி கிடைத்துவிட்டது. மறுநாளிலிருந்து கேழ்வரகு அடை, முருங்கைக்கீரை, எள்ளுருண்டை, நெத்திலிக் குழம்பு. பூண்டைத் தேங்காய்ப் பாலில் வேகவைத்துக் கருப்பட்டி போட்டுக் கொடுத்தார், உண்மையாகவே பசும்பாலில் செய்ததைவிட நன்றாக இருந்தது. வீட்டில் சண்டை போடுவதைவிட, பெற்றவளுக்கு எதைக் கொடுக்கலாம் என்று ஒரு பட்டியலை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவது நல்லது.

இரண்டாவது வாரத்தில் ரத்தம் நின்றது, கொஞ்சம் தள்ளிச் சளியும் நின்றது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. இனி ஒரு வயசு வரை இப்படியே இருந்துவிடலாம், எதுக்கு வம்பு என்றார்கள், என் கணவரும் அதையேதான் சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, யாருக்குத்தான் தோன்றாது. ஆனால் இந்தப் பதிவில் நான் சொல்ல வந்ததே இதைத்தான்: திரும்பக் கொடுத்துப் பார்க்காமல் இது பால் அலர்ஜி என்று யாராலும் சொல்ல முடியாது. பிறந்து சில வாரங்களில் மோஷனில் ரத்தம் காட்டும் குழந்தைகளில் கணிசமானவர்களுக்கு ஒன்றுமே செய்யாமல் விட்டாலும் அது தானாக நின்றுவிடுகிறது. நாம் பாலை நிறுத்திய அதே வாரத்தில் அது தானாகவே நின்றிருந்தால்? பால்தான் காரணம் என்று எடுத்துக்கொண்டு அம்மா மாதக்கணக்கில் பத்தியம் இருப்பாள், குழந்தைக்கு ஒரு வயசு வரை பால் வாடையே காட்டாமல் வளர்ப்பார்கள், எதற்கும் அர்த்தமே இருக்காது. இந்தியக் குழந்தைகள் குடல் மருத்துவர்கள் சேர்ந்து 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் நிறுத்திப் பார்த்து, திரும்பக் கொடுத்துப் பார்த்து உறுதி செய்வதைத்தான் முக்கியமாகச் சொல்கிறது.

நான் திரும்பக் குடித்தேன். முதலில் மோர், அப்புறம் காபி, அப்புறம் வழக்கம்போல ஒரு டம்ளர் பால். ஒரு வாரம் வரை பார்க்கச் சொல்லியிருந்தார்கள், அவ்வளவு தூரம் போகத் தேவை வரவில்லை, சளியும் பின்னாலேயே சிவப்பு நூலும் வந்துவிட்டது. பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது என்பது உண்மை. ஆனால் அதற்குப் பிறகு எனக்குச் சந்தேகம் என்பதே இல்லை, யார் வந்து "ஒரு ஸ்பூன் தயிர் என்ன பண்ணும்" என்று கேட்டாலும் என்ன பண்ணும் என்று சொல்ல முடிந்தது. அத்தையும் அதைத் தன் கண்ணால் பார்த்ததால் அதற்குமேல் வீட்டில் பேச்சே எழவில்லை.

தாய்ப்பால் இல்லாத குழந்தைகளுக்கு வழி வேறு. புரதத்தைத் துண்டு துண்டாக உடைத்துச் செய்த ஃபார்முலா ஒன்று, அதுவும் சேராதவர்களுக்கு அமினோ அமிலங்களை மட்டும் வைத்துச் செய்தது இன்னொன்று. கசக்கும், வாடை அடிக்கும், விலை சாதாரணக் குடும்பத்தால் தாங்க முடியாத விலை. அதனால்தான் பலர் ஆட்டுப்பால் கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். பசும்பாலுக்கு அலர்ஜி உள்ள குழந்தைகளில் 10க்கு 9 பேருக்கு ஆட்டுப்பாலும் ஆகாது, புரதங்கள் அவ்வளவு ஒத்தவை. எருமைப்பாலும் அந்தக் கணக்குத்தான். சோயா ஃபார்முலா சிலருக்குச் சரிவரும், ஆனால் குடலில் காட்டும் வகைக் குழந்தைகளில் பலருக்குச் சோயாவும் சேராமல் போவதுண்டு, ஆறு மாதத்துக்கு முன்னால் பொதுவாகக் கொடுப்பதும் இல்லை. கழுதைப்பால் விஷயம் கொஞ்சம் சிக்கலானது. அதன் புரத அமைப்பு தாய்ப்பாலுக்கு நெருக்கம், இத்தாலியில் டாக்டர்கள் கண்காணிப்பில் சில குழந்தைகளுக்குக் கொடுத்தும் பார்த்திருக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு நம் தெருவில் கழுதையை ஓட்டிவந்து சங்கில் கறந்து கொடுப்பதை வாங்கிப் புகட்டாதீர்கள். காய்ச்சாத பால், கொழுப்பும் குறைவு, கைக்குழந்தைக்குக் கிருமித் தொற்று வந்தால் அலர்ஜியைவிடப் பெரிய ஆபத்து.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அழுகிற குழந்தை, கக்குகிற குழந்தை, வயிறு உப்பும் குழந்தை எல்லாவற்றுக்கும் பால் அலர்ஜி என்று பெயர் வைப்பது இப்போது பெருகிவருகிறது, அதில் வியாபாரமும் இருக்கிறது. பிரிட்டனில் 2006இல் ஒரு லட்சத்துச் சொச்சமாக இருந்த சிறப்பு ஃபார்முலா மருந்துச்சீட்டுகள் 2016இல் ஆறு லட்சத்தைத் தாண்டின என்று 2018இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வந்தது. பத்து வருஷத்தில் குழந்தைகளின் உடம்பு அவ்வளவு மாறியிருக்காது. சோதித்து உறுதி செய்த பால் அலர்ஜி 100 குழந்தைகளில் ஒருவருக்கும் குறைவு என்று ஆய்வுகள் சொல்கின்றன, கக்குவதும் அழுவதும் தோல் வறண்டு தடிப்பதும் அதைவிடப் பல மடங்கு அதிகம். நம் ஊரில் 1992 சட்டப்படி இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பால் பவுடரை விளம்பரம் செய்யவே கூடாது. அப்படியிருந்தும் சீட்டில் எழுதிக் கையில் கொடுக்கும்போது நமக்குக் கேள்வி கேட்கத் தோன்றுவதில்லை. கேளுங்கள். எந்த வகை என்று நினைக்கிறீர்கள், எத்தனை வாரம் நிறுத்த வேண்டும், எப்போது திரும்பக் கொடுத்துப் பார்ப்போம் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால் வேறு டாக்டரையும் ஒருமுறை பாருங்கள்.

ஆறு மாதத்தில் சாப்பாடு ஆரம்பித்தபோது பருப்பு சாதத்துக்கு நெய்க்குப் பதில் நல்லெண்ணெய் விட்டோம், கேழ்வரகுக் கூழைத் தண்ணீரிலேயே காய்ச்சினோம், ஒரு குறையும் வரவில்லை. இந்த வகை அலர்ஜி பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வயதை ஒட்டி விலக ஆரம்பித்துவிடும். எங்களுக்கும் அப்போதுதான் படிப்படியாகக் கொடுக்கும் முறையை டாக்டர் எழுதிக்கொடுத்தார், பால் ஏணி என்று இதற்குப் பெயர், பிரிட்டன் டாக்டர்கள் வகுத்தது. முதலில் கோதுமை மாவில் துளிப் பால் சேர்த்து நன்றாகப் பேக் செய்த பிஸ்கட், அப்புறம் மஃபின், அப்புறம் பேன்கேக், அப்புறம் சீஸ், தயிர், கடைசியில் பால். மாவோடு சேர்ந்து அதிகச் சூட்டில் வெகுநேரம் வேகும்போது சில பால் புரதங்களின் வடிவம் மாறிப்போகிறது, அதனால் பல குழந்தைகளால் அதைத் தாங்க முடிகிறது. "அப்போ பாலை நல்லாச் சுண்டக் காய்ச்சிக் கொடுத்தா?" என்று அம்மா கேட்டார். அது ஆகாது, கேசீன் அந்தச் சூட்டுக்கெல்லாம் அசையாது, மாவு சேராமல் காய்ச்சுவதும் மாவுக்குள் வைத்து பேக் செய்வதும் ஒன்றில்லை.

பிஸ்கட் படியில் ஒன்றும் இல்லை. மஃபினில் ஒருமுறை சளி எட்டிப்பார்த்தது, ஒரு படி கீழே இறங்கி, சில வாரம் விட்டு மறுபடி ஏறினோம். தயிருக்கு வந்தபோது அத்தை கொஞ்சமாகச் சாதத்தைக் குழைத்து, ஒரு ஸ்பூன் தயிர் விட்டு, தானே ஊட்டினார். மூன்று நாள் வீட்டில் எல்லோரும் டயப்பரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். எதுவும் வரவில்லை. இப்போது தயிர் சாதம் தினமும் சாப்பிடுகிறாள். டம்ளர் பாலை மட்டும் கையால் தள்ளிவிடுகிறாள். ருசி பழகாததுதான் காரணமாக இருக்கும், கட்டாயப்படுத்த வேண்டாம், தயிரும் கேழ்வரகும் கீரையும் சாப்பிடுகிற குழந்தைக்கு டம்ளர் பால் கட்டாயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.